பருத்தித்துறைக்கு ஒரு நாள் வாடகை

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை 33 கிலோமீற்றர். 750 இலக்கப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அந்த 33 கிலோமீற்றருக்கு வான் பிடிக்கப்போன இடத்தில், "அது ஒரு நாள் ஓட்டம் அண்ணை" என்ற பதில் கிடைத்தது. இம்முறை ஊருக்குப் போனதில் வங்கி அலுவல், காணி உறுதி, கொழும்பிலிருந்து வந்த இரவுப் பஸ் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இந்த வானைப் பற்றித்தான் எழுதவேண்டும்.

என் கணக்கு இதுதான். காலை எட்டு மணிக்குக் கொக்குவிலில் அக்கா வீட்டிலிருந்து புறப்படுவது. ஒன்பதுக்குள் பருத்தித்துறையில் பெரியம்மா வீடு. ஒரு தேநீர், கொஞ்சம் கதை. பத்தரைக்குத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி, அங்கேயே அன்னதானம். பின்னேரம் கீரிமலைக் கேணியில் ஒரு முழுக்கு, மாவிட்டபுரத்தில் ஒரு கும்பிடு, பொழுதுபடமுன் வீடு. எல்லாவற்றையும் கூட்டினாலும் 100 கிலோமீற்றர் வராது. கனடாவில், நான் இருக்கும் பக்கம், ஸ்காபரோவிலிருந்து பிரம்டனுக்கு ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போய்வந்தாலே அவ்வளவு ஓடிவிடும்; அதை யாரும் பயணக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வான் சொந்தக்காரர் என் பட்டியலைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, நோயாளிக்குச் செய்தி சொல்லும் வைத்தியரின் பக்குவத்தோடு, "கீரிமலையை விடுங்கள் அண்ணை. அதை வேறொரு நாளைக்குப் பார்ப்போம்" என்றார். பருத்தித்துறையிலிருந்து கடற்கரையோரமாக நேரே ஓடலாமே என்றேன். பலாலிப் பக்கம் அப்படி விடமாட்டார்கள், அச்சுவேலிக்கு வந்து தெல்லிப்பழையால் சுற்றவேண்டும் என்றார். சுற்றுவோம், சுற்றினாலும் எத்தனை கிலோமீற்றர் என்று கேட்டேன். அவர் கிலோமீற்றரைப் பற்றிப் பேசவே இல்லை. "பெரியம்மா வீட்டில் சாப்பாடு இருக்குமே அண்ணை" என்றார். எங்கள் பெரியம்மாவை அவர் கண்டதே இல்லை!

நானே ஓட்டுகிறேன், காரை மட்டும் வாடகைக்கு எடுப்போம் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

கனடாவில் இருப்பவர்களின் தூரக் கணக்கு ஊரில் இருப்பவர்களுக்குப் பிடிபடுவதே இல்லை. ஒன்ராறியோ மாகாணம் ஒன்று மட்டும் இலங்கையைப் போல ஏறத்தாழ 16 மடங்கு. ரொறன்ரோவிலிருந்து கெனோராவுக்கு 1,800 கிலோமீற்றருக்கு மேல் ஓடிய பிறகும் அதே மாகாணத்துக்குள்தான் நிற்போம். இலங்கையை வடக்கு முனையிலிருந்து தேவேந்திரமுனை வரை நெடுக்காக அளந்தால் 430 கிலோமீற்றர் சொச்சம். எங்களுக்கு அது கிட்டத்தட்ட ஒட்டாவா போகும் தூரம். மொன்றியலில் செத்தவர் ஒருவருக்கு அந்தியேட்டிக் கிரியை என்றால் 540 கிலோமீற்றரை விடியப்புறம் ஓடிப்போய், சாப்பிட்டுவிட்டு, இரவோடு இரவாகத் திரும்பி, மறுநாள் காலை வேலைக்குப் போகிறவர்கள் நாங்கள். வழியில் ஒரே ஓரிடத்தில் ரிம் ஹோற்றன்ஸ் கோப்பி. எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஐந்தரை மணித்தியாலம் என்றுதான் சொல்வோம். 401 நெடுஞ்சாலையில் வீதிக் கோடுகளைப் பார்த்து ஓடவேண்டும், முன்னால் போகிற வாகனத்தைப் பார்த்து ஓடவேண்டும், வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. பார்க்க ஒன்றுமில்லை என்பதும் உண்மை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அதே 401 இல் ஸ்காபரோவிலிருந்து விமான நிலையத்துக்குப் போக இரண்டு மணித்தியாலம் பிடிக்கும் என்பதை ஊரில் நான் யாருக்கும் சொல்லவில்லை. அது எங்கள் வீட்டு விடயம்.

அன்றிரவு அக்கா வீட்டு மேசையில் இதே கதைதான். சூரிச்சிலிருந்து வந்திருந்த மச்சான் வான்காரரின் பக்கம் நின்றார். அங்கிருந்து பேர்ண் 125 கிலோமீற்றர் அளவுதான். ஆனால் அங்கே தமையன் வீட்டுக்குப் போனால் இரவு தங்கித்தான் வருவாராம். "அது தூரம்தானே" என்று சோற்றைக் குழைத்தபடி சொன்னார். மெல்பேணிலிருந்து வந்த சித்தி மகள் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு சிட்னிக்கு ஏறத்தாழ 880 கிலோமீற்றரைப் பகலோடு ஓடி முடிக்கிறவள். பருத்தித்துறைக்கு வான் பேசுவதே அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. அத்தான்தான் எல்லோரையும் வென்றார். "நான் பருத்தித்துறைப் பக்கம் போய் இரண்டு வருடம் இருக்கும்" என்றார். மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கிறது, எரிபொருளுக்கும் இப்போது தட்டுப்பாடு இல்லை, பெரியம்மா அவருக்கும் பெரியம்மாதான். ஏன் போகவில்லை என்று கேட்டால், "தூரமெல்லோ" என்கிறார்.

இதே அத்தான் 1990களில் பெற்றோல் இல்லாத காலத்தில் சைக்கிளில் பருத்தித்துறை இருக்கும் வடமராட்சிக்குப் போய் வெங்காயம் ஏற்றிவந்தவர். மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளின் புகையை இன்னும் மூக்கில் வைத்திருப்பவர். அப்போது எட்டிய பருத்தித்துறை இப்போது எப்படி எட்டாமல் போனது? கொழும்புக்கும் இதே கதைதான். 400 கிலோமீற்றர் என்பது மாறவில்லை. 1990இல் போரால் யாழ்தேவி ரயில் நின்றபின் கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்து, வவுனியாவில் காத்துக்கிடந்து, நாள்கணக்கில் போனோம். 2002இல் ஏ9 வீதி திறந்தபோது முறிகண்டியில் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு ஒரே பகலில் போனோம். 2006 ஓகஸ்டில் மறுபடி பூட்டியபோது கப்பலையும் விமானத்தையும் பார்த்திருந்தோம். இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பஸ் ஏறினால் விடிய வெள்ளவத்தை. ஆகவே கொழும்பு கிட்ட வந்துவிட்டது. பருத்தித்துறை மட்டும் தள்ளிப்போய்விட்டது.

இனி அந்த நாள்.

ஹயஸ் வான் எட்டு மணிக்கு வரவில்லை. சரி, அது பழைய வழக்கம், எட்டரைக்கு வந்தது. சொந்தக்காரரே சாரதி. ஏறி உட்கார்ந்து, அக்கா மூன்றாம் முறையும் கதவுப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து, வான் புறப்பட்டு, திருநெல்வேலிச் சந்தி தாண்டமுன் பெற்றோல் செட்டுக்குள் திரும்பியது. ஆட்களை ஏற்றிக்கொண்டு எண்ணெய் அடிக்கப் போகும் இந்த முறையை யார் கண்டுபிடித்தார்களோ! நேற்றே பேசிய ஓட்டம். நேற்றுப் பின்னேரம் அடித்திருக்கலாம், காலையில் வரும் வழியில் அடித்திருக்கலாம். இல்லை, நாங்கள் உள்ளே இருக்கவேண்டும், முன்பணமும் எங்கள் கையிலிருந்து அந்த இடத்தில்தான் வரவேண்டும். டீசல் வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம். சாரதி இறங்கி, தெரிந்த ஒருவரோடு கதைக்கத் தொடங்கினார்.

கோப்பாய் தாண்டியதும் அக்கா, "நீர்வேலியில் ஒரு குலை வாங்கவேண்டும், வெறுங்கையோடு போகக்கூடாது" என்றார். கனடாவிலிருந்து கொண்டுவந்த சொக்கலேற் மூன்று பை மடியில் இருக்கிறது. அது கையில் சேராதாம். வாழைக்குலைக் கடையில் கதலியா இதரையா என்ற விசாரணை. சாரதியும் இறங்கிவந்து தன் கருத்தைச் சொன்னார். கதலி என்று தீர்ந்து, குலையைப் பின்னிருக்கையில் பழைய சாக்கு விரித்துக் கிடத்தி, அது உருளாமல் என் கால் ஒன்றை முட்டுக்கொடுத்தபடி பயணம் தொடர்ந்தது. புத்தூரில் ஒரு செத்தவீட்டு ஊர்வலம், பறைமேளத்தோடு, வீதியை முழுதாக எடுத்துக்கொண்டு போனது. யாரும் ஹோர்ன் அடிக்கவில்லை. அந்த ஒன்றுக்கு மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.

இந்த வீதிகளில் சட்டப்படி ஊர்மனைக்குள் 50, வெளியே 70. ஊர்மனை எங்கே முடிகிறது? கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால் என்று மதிலோடு மதிலாக, படலையோடு படலையாகப் போகிறது. ஒவ்வொரு படலைக்குள்ளிருந்தும் ஒரு சைக்கிள் வெளியே வரலாம். வரும். ஒன்ராறியோவில் ஒரு கிலோமீற்றருக்குள் ஒரு கொட்டகையும் நான்கு மாடும் இருக்கும். இங்கே ஒரு கிலோமீற்றருக்குள் ஒரு கோயில், இரண்டு கடை, பள்ளிக்கூடம், அக்காவோடு படித்தவரின் வீடு, அக்காவோடு படித்தவருக்கு மாப்பிள்ளை பேசிக் குழம்பிய வீடு. அவ்வளவையும் ஒரே அளவு முழக்கோலால் அளந்து, கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று விலை கேட்பது எப்படிச் சரிவரும் என்று வான்காரர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அதற்காக எண்ணெய் அடிக்கும் நேரத்தையும் என் தலையில் கட்டக்கூடாது.

வல்லை வெளிதான் நான் காத்திருந்த இடம். வீடில்லை, மதிலில்லை. இரண்டு பக்கமும் தரவையும் நீரும், உப்புக் காற்று. சின்ன வயதில் பஸ் அந்த வெளிக்குள் இறங்கும்போது பேச்சு தானாக நின்றுவிடும். இரவில் தனியே கடக்க ஆம்பிளைகளே பயந்த இடம். முனியப்பருக்குச் சில்லறை போட சாரதி நிறுத்தினார், நானும் போட்டேன். அதுவரை மாட்டுவண்டியைப் போல் ஊர்ந்துவந்தவர், அந்த ஒரே ஓரிடத்தில், முன்னால் வீதி வெறுமையாகக் கிடப்பதைக் கண்டதும் வானை விட்டாரே ஒரு விடுதல்! கொக்குகள் நிற்கின்றன, பாலத்தின் கீழே வலை வீசுகிறார்கள், எல்லாம் யன்னலில் கோடாய் இழுபடுகின்றன. "தம்பி, மெதுவாகப் போங்கள், பார்க்கவேண்டும்" என்று கத்தினேன். "நீங்கள்தானே அண்ணை அவசரம் என்றீர்கள்" என்றார்.

நெல்லியடிச் சந்தையில் நின்றது, பொலிஸ் மறித்துப் பத்திரம் பார்த்தது எல்லாம் சின்ன விடயங்கள். மந்திகை ஆஸ்பத்திரி வாசலில்தான் என் பொறுமை போனது. "இரண்டே நிமிடம் அண்ணை" என்று இறங்கிய சாரதி, தன் இருக்கைக்குக் கீழே இருந்து ஒரு சாப்பாட்டுப் பொதியையும் சுடுதண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாமியாருக்குச் சுகமில்லையாம். எங்கள் வாடகையில் அவர் வீட்டுச் சோறு வந்திருக்கிறது! நான் முணுமுணுத்தேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "பாவம், நாமும் ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டு வருவோமா?" என்றார். வாழைக்குலையில் ஒரு சீப்புக் குறைந்தது அப்படித்தான்.

பெரியம்மா வீட்டை அடைந்தபோது மத்தியானம். "இவ்வளவு தூரத்திலிருந்து வருகிறீர்கள், களைத்துப்போயிருப்பீர்கள்" என்று பாய் விரித்தார். கனடாவைச் சொல்கிறார் என்று நினைத்தேன். கொக்குவிலைச் சொல்லியிருக்கிறார். சாப்பாடு ஒரு தேநீரோடு நிற்கவில்லை என்பதை எழுதத் தேவையில்லை. வான்காரருக்கும் வாழையிலை போட்டார்கள், அவர் இரண்டாம் முறையும் சோறு வாங்கினார். பருத்தித்துறை வடை ஒரு பை நிறையக் கட்டித் தந்தார், வழியில் பசிக்குமாம். சந்நிதிக்குப் போனபோது பின்னேரப் பூசை. கீரிமலையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

இரவு வீட்டு வாசலில் கணக்கு. ஓட்டம் 79 கிலோமீற்றர். ஒரு நாள் வாடகை. அதற்கு மேல் காத்திருப்புக் கூலி. மந்திகையில் நின்றதும் என் கணக்கிலா என்று கேட்டேன். சிரித்துவிட்டு அதைக் கழித்தார். பெற்றோல் செட்டைக் கழிக்கச் சொன்னேன், கழிக்கவில்லை. ஊருக்கு வருகிறவர்கள் வான் பேசும்போது, காத்திருப்பு உட்பட என்று முதலிலேயே சொல்லிப் பேசுங்கள். எண்ணெய் அடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். வரமாட்டார்கள், ஆனாலும் சொல்லுங்கள். சாரதிமேல் எனக்கு வேறு குறை இல்லை. பிரேக்கில் கால் இருந்த மனிதர், ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடிக்கவில்லை.

அடுத்த கிழமை நயினாதீவு போக அவரையே மறுபடி அழைத்தேன். பண்ணைப் பாலத்தால் போய் வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை மட்டும் என்றேன். "வழியில் சொந்தக்காரர் எத்தனை வீடு அண்ணை?" என்று கேட்டார். ஒரு வீடும் இல்லை என்றேன். அரை நாள் வாடகை சொன்னார். சம்மதம் சொல்ல வாயெடுக்க, குசினிக்குள்ளிருந்து அக்காவின் குரல், தொலைபேசிக்கும் கேட்கும்படியாக: "வேலணையில் மாமி இருக்கிறார், அவரைப் பார்க்காமல் எப்படிப் போவது?"

"அப்படியென்றால் ஒரு நாள் அண்ணை" என்றார் வான்காரர்.