ஸ்காண்டிநேவியன், ராணி டி6: பல வருடம் ஆடிய பிறகு

தலவாக்கலையில் செஸ் ஆடுகிற தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, இ4-க்கு ஸ்காண்டிநேவியன் எடுக்கலாமா? நீங்க எப்பவும் அதைத்தானே ஆடுறீங்க?" வெள்ளை ராஜாவின் முன் சிப்பாயை இ4 கட்டத்துக்குத் தள்ளியதும், கறுப்பு டி5 என்று சிப்பாயால் பதில் சொல்கிற ஆரம்பம்தான் ஸ்காண்டிநேவியன். வாய்ஸ் மெசேஜில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஆடுவது ராணி டி6. இ4-க்கு டி5, வெள்ளை வெட்டியதும் ராணியால் திருப்பி வெட்டு, குதிரை சி3-க்கு வந்து மிரட்டியதும் ராணி டி6. ராணியை ஏ5-க்குக் கொண்டுபோவதுதான் பழைய பாதை. கிராண்ட்மாஸ்டர் டிவியாகோவ் டி6-ஐ வருடக்கணக்கில் விடாமல் ஆடி அதற்கு ஒரு மரியாதை வாங்கிக்கொடுத்தார்.

இதில் எனக்குப் பிடித்தது, முதல் நகர்த்தலிலேயே ஆட்டம் நம் ஊருக்கு வந்துவிடும். இ4-க்கு இன்னொரு பதிலான சிசிலியன் எடுத்தால், அதன் கிளைகளில் நைடார்ஃபும் தெரியவேண்டும், அலாபினும் தெரியவேண்டும், ஸ்மித்-மோரா காரனையும் சமாளிக்கவேண்டும். பாடசாலை, டியூஷன் எல்லாம் முடித்து, மழையில் சிக்னலும் போய்விட்ட இரவில் அவ்வளவும் யார் படிப்பது? இங்கே சி6, பிஷப் எஃப்5, இ6 என்று வைத்தால் இ4-க்கு வேறொரு பதிலான கேரோ-கானின் அதே உறுதியான சிப்பாய் அமைப்பு கிடைத்துவிடும். வெள்ளைக்கான இத்தாலியன் ஆரம்பத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் இரண்டாவது நகர்த்தலிலேயே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார். எத்தனையோ புள்ளி இப்படி எனக்கு வந்திருக்கிறது.

ஆனால் அந்தக் குதிரை! ராணி டி6-க்குப் பிறகு டி4, குதிரை எஃப்6, குதிரை எஃப்3, சி6. ஆறாவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை இ5-க்குத் தாவும். நான் குதிரையை டி7-ல் வைத்தால், அது சி4-க்கு வந்து ராணியை அடிக்கும். ராணி சி7. வெள்ளை ராணி எஃப்3. என் குதிரை பி6-க்குப் போனதும் பிஷப் எஃப்4, மறுபடியும் ராணிக்கு அடி. கடைசியில் ராணி டி8. எண்ணிப் பாருங்கள்: டி5, டி6, சி7, டி8. நான்கு நகர்த்தல் செலவழித்து ராணி புறப்பட்ட வீட்டுக்கே வந்து நிற்கிறாள். எதிரில் இரண்டு குதிரை, பிஷப், ராணி எல்லாம் வெளியே. உடனே தோற்கிற நிலை இல்லை, தாக்குப்பிடிக்கலாம். ஆனால் மூச்சுத் திணறும்.

முன்பெல்லாம் இது எனக்குப் பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. எதிராளி பிஷப்பை சி4-ல் வைத்து, கோட்டை கட்டி, எனக்கு நேரம் கொடுப்பார். இப்போது ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் மென்பொருள் எல்லார் கையிலும் இருக்கிறது. 2020-ல் அதற்குள் நியூரல் நெட்வொர்க்கும் வந்துவிட்டது. லிச்செஸ் இணையதளத்தில் எந்த வரிசையையும் காசில்லாமல் பார்க்கலாம். ஹட்டனில் போன ஞாயிறு, பாடசாலை ஸ்வெட்டர் போட்ட ஒரு பையன், கை விறைக்கிற குளிரில் கொஞ்சமும் யோசிக்காமல் குதிரையை இ5-ல் வைத்துக் கடிகாரத்தைத் தட்டினான். அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஆட்டத்தின் எரிச்சல் இன்னும் போகவில்லை.

நியாயமாகவும் சொல்லவேண்டும். 1979-ல் மொன்றியலில் லார்சன் அப்போதைய உலகச் சாம்பியன் கார்போவையே ஸ்காண்டிநேவியனில் வீழ்த்தினார். 2014 ஒலிம்பியாட்டில் கார்ல்சன் இதை வைத்துக் கருவானாவை வென்றார். நம் ஆனந்த் 1995 உலகப் போட்டியின் 14-வது ஆட்டத்தில் காஸ்பரோவுக்கு எதிராக இதை எடுத்து நல்ல நிலை கண்டார், கடைசியில் தோற்றாலும். அதே ஆனந்த் 1997-ல் பீலில் வெள்ளையாக உட்கார்ந்து, லோத்தியேவின் ஸ்காண்டிநேவியனைக் கிழித்துப்போட்டார். கெட்ட ஆரம்பமாக இருந்திருந்தால் இவ்வளவு பெரிய ஆட்கள் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

இத்தனை சொல்லிவிட்டும், தம்பி, உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். கேரோ-கான் எடுங்கள். அதே சிப்பாய் அமைப்புத்தான், ராணியும் வீட்டில் இருப்பாள். இல்லை, இதுதான் வேண்டும் என்றால், ஐந்தாவது நகர்த்தலில் சி6-க்குப் பதிலாக ஏ6 ஆடிப் பழகுங்கள். பி5 தள்ள வழி இருப்பதால் குதிரை சி4-க்கு அவ்வளவு சுலபமாக வராது. சனிக்கிழமை போர்டோடு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.