வேர்ச்சொல் அட்டைகள்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

லத்தீன் வேர்ச்சொல் அட்டைகளின் விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். முன்பக்கம் வேர், பின்பக்கம் அதிலிருந்து வந்த ஆங்கிலச் சொற்கள், வேர் மட்டும் சிவப்பில்: பார்த்திருப்பீர்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாசிப்புக்கு இவை உதவிய அளவுக்கு வேறெதுவும் எனக்கு உதவவில்லை. 'டிக்ட்' என்றால் சொல்வது என்று பிடிபட்டதுமே, பிரிடிக்ட் முன்கூட்டிச் சொல்வது, கான்ட்ரடிக்ட் எதிர்த்துச் சொல்வது, வெர்டிக்ட் உண்மையைச் சொல்வது, ஜூரிஸ்டிக்‌ஷன் சட்டத்தைச் சொல்வது என்று எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத் தெரிய ஆரம்பித்தன. டிஸ்க்ரைப் ஏன் டிஸ்க்ரிப்‌ஷன் ஆகிறது என்பதற்கும் லத்தீனிலேயே அந்த வேர் அப்படித்தான் மாறும் என்று அட்டையில் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள். அருமையான வேலை.

சரி, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது, இன்றுவரை தீரவில்லை. எந்த அசையில் அழுத்த வேண்டும் என்று ஓர் அட்டையிலும் குறி கிடையாது. பிரிடிக்டில் அழுத்தம் இரண்டாம் அசையில், வெர்டிக்டில் முதல் அசையில். அடிக்ட் பெயர்ச்சொல்லாக வந்தால் முதல் அசை, வினையாக வந்தால் இரண்டாவது. தமிழில் கல், கால் என்று நீளம் மாறினால் பொருள் மாறும், அழுத்தம் மாறினால் மாறாது, அதனால் இந்த வேறுபாடு நம் காதில் தானாக விழாது, யாராவது காட்டித்தான் ஆக வேண்டும். இன்ஃபார்ம் என்பதில் கணீரென்று கேட்கும் 'ஃபார்ம்', இன்ஃபர்மேஷனில் 'ஃபர்' என்று சுருங்கிவிடுகிறது. அழுத்தம் 'மே'க்குப் போய்விட்டதுதான் காரணம். அட்டையிலோ இரண்டிலும் ஒரே சிவப்பு.

இதைவிட மோசம், வேரைப் பிரித்துக் காட்ட அவர்கள் போட்டிருக்கும் சிறுகோடு. டிக்‌ஷனை 'டிக்ட்' முடிந்த இடத்தில் (dict-ion) வெட்டியிருக்கிறார்கள். பொருளுக்கு அது சரி. ஆனால் அசை பிரிவது 'டிக்' என்பதோடு. புதிதாகப் படிப்பவர் கோட்டை அசை என்று எடுத்துக்கொண்டு 'ட்'டையும் சேர்த்துத்தான் உச்சரிப்பார். அப்புறம் இன்டைட் (indict, குற்றம் சாட்டுவது). பிரெஞ்சு வழியாக 'க்' ஒலி இல்லாமல் வந்த சொல், பின்னாளில் லத்தீனைப் பார்த்து எழுத்தை மட்டும் சேர்த்தார்கள், உச்சரிப்பு பழையபடியே நின்றுவிட்டது. இதைப் பற்றி அட்டையில் ஒரு வரி இல்லை!

பொருளுக்காகத்தான் இந்த அட்டை, உச்சரிப்புக்காக அல்ல என்று சொன்னால் நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு சொல்லுக்கு ஓர் அழுத்தக்குறி போட எவ்வளவு இடம் ஆகிவிடும்? நானே பென்சிலால் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். குறி போட்ட பதிப்பு வரட்டும், முழு விலை கொடுத்தே வாங்கலாம்.