வன்னி வெக்கைக்கு எந்த பெப்டைட் ஜெல்?

"அறை வெப்பநிலையில் திரவம், உடம்புக்குள் போனதும் ஜெல்." காயத்துக்கும் ஊசிக்கும் பாவிக்கும் பெப்டைட் (அமினோ அமிலச் சங்கிலி) பொருட்களைப் பற்றிப் படித்தால் இந்த வரி எப்படியும் வரும். அது 25 பாகை செல்சியஸ் அறை. சித்திரை, வைகாசியில் வட இலங்கையின் வன்னியில், மாங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ மதியம் 35 பாகையைத் தொடும். உடம்புச் சூட்டுக்கு இரண்டு பாகைதான் மிச்சம்.

எலாஸ்டின்வகைப் பொலிபெப்டைட் அந்த இரண்டு பாகைக்குள்தான் மாட்டுப்படுகிறது. எங்கள் தோலுக்கும் நாடிகளுக்கும் மீள்தன்மை தரும் எலாஸ்டினைப் பார்த்துச் செய்த பொருள் இது. வாலின், புரோலின், கிளைசின், புரோலின் தவிர்ந்த விரும்பிய ஓர் அமினோ அமிலம், பிறகும் ஒரு கிளைசின்: இந்த ஐந்தும் திரும்பத் திரும்ப வரும் நீண்ட சங்கிலி. குளிரில் கரையும், சூட்டில் திரளும். அவித்த முட்டை வெள்ளைக்கரு பழையபடி ஆகாது. இது ஆறினால் திரும்பக் கரைந்துவிடும். நான்காம் இடத்தில் அலனினோ கிளைசினோ கூடினால் திரளும் வெப்பநிலை ஏறும், வாலின் கூடினால் இறங்கும். 36 பாகைக்கு அமைப்பது தாளில் சுகம். வெயிலில் நின்ற ஓட்டோவுக்குள் இருந்த குப்பி ஊசியில் ஏற முன்னமே திரண்டிருக்கும். இன்னொன்று: தனியே விட்டால் இது தடித்த துளிகளாகத்தான் பிரியும். உறுதியான ஜெல் வேண்டுமென்றால் குறுக்குப் பிணைப்போ (சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டுவது) பட்டுப் புரதத் துண்டோ சேர்க்க வேண்டும்.

இன்னொரு பெப்டைட்டான ராடா-16 சூட்டைப் பார்த்து அசைவதில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் ஷுகுவாங் ஜாங் குழுவின் ஆய்விலிருந்து வந்த, பதினாறே அமினோ அமிலம் கொண்ட துண்டு. ஆர்ஜினின், அலனின், அஸ்பார்ட்டிக் அமிலம், அலனின் என்று நான்கு முறை. அமிலத்தன்மையுள்ள நீரில் இளகிக் கிடக்கும். இரத்தத்தின் உப்பும் நடுநிலை பிஎச்சும் பட்டதும் நானோ நார்களாகப் பின்னிக்கொள்ளும். உள்நோக்கி (எண்டோஸ்கோப்பி) சிகிச்சையில் இரத்தக் கசிவை நிறுத்த இது ஏற்கெனவே பயன்படுகிறது. ஜெல் மெலிது, இழுவை தாங்காது. அதன் கரைசலையும் 2 முதல் 8 பாகைக்குள் வைக்கத்தான் சொல்கிறார்கள், ஆகவே கரண்ட் போகும் கவலை இதற்கும் உண்டு. ஆனாலும் பாவிக்கிற நேரத்து வெக்கை இதைக் குழப்பாது.

32 பாகையில் சுருங்கும் செயற்கைப் பொலிமர் பிநிபாமைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை: இங்கே மதியம் முழுக்கத் திரண்டே இருக்கும், உடம்பும் அதைச் சிதைக்காது.

செய்முறைக்கு வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. ராடா-16ஐ அமினோ அமிலம் ஒவ்வொன்றாய்க் கோத்துத் தொகுக்கிறார்கள், செலவு கூட. எலாஸ்டின்வகையை, அதற்கான மரபணுவைப் புகுத்திய ஈ.கோலை பற்றீரியாவே வளர்த்துத் தரும். சுத்திகரிப்பும் எளிது: சூடாக்கி, உப்பிட்டு, மையநீக்கியில் சுற்றி, குளிர்நீரில் கரைத்து, மறுபடி சுற்றினால் போதும். 1999இல் டியூக் பல்கலைக்கழகத்து மேயரும் சில்கோட்டியும் காட்டிய வழி அது. புரதங்களைப் பிரித்தெடுக்கும் விலை கூடிய நிறப்பிரிகைக் கருவிகள் இல்லாமலே, யாழ். பல்கலைக்கழகப் பீடங்கள் இருக்கும் கிளிநொச்சி அறிவியல்நகர் போன்ற இடத்தில் மாணவர்கள் முயலலாம். (உப்புக்கு ஆனையிறவு உப்பளம் பக்கத்தில்தான், ஆனால் ஆய்வுகூடத் தர உப்பு வேண்டும்.)

இரத்தம் கசியும் காயத்துக்கு என் தெரிவு ராடா-16. இங்கேயே செய்து பழக எலாஸ்டின்வகை. அதையும் ஊசி மருந்தாக அல்ல, முன்கூட்டியே குறுக்குப் பிணைத்த காயப்பூச்சுத் தாளாகத்தான் தொடங்குவேன்.