மீன்கடையா, ஒரு கட்டு அஸ்பாரகஸா?

பழைய ஓவியத்தைப் பார்த்து வரைந்தே எண்ணெய் வண்ணம் கற்கலாம் என்று இறங்குபவர்களின் கண் முதலில் போவது ஃபிரான்ஸ் ஸ்னைடர்ஸ் மேல்தான். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரத்து ஓவியர், 1579 முதல் 1657 வரை வாழ்ந்தவர். அவருடைய சந்தைப் படங்களில் மீனும் சிங்கி இறாலும் காய்கனிகளும் மேசை கொள்ளாமல் சரிந்து கிடக்கும். என் கண்ணும் அங்கேதான் போனது. எதிர்ப்பக்கம் டச்சு ஓவியர் அட்ரியான் கோர்ட் 1697-இல் வரைந்த அஸ்பாரகஸ் (இளந்தண்டாகவே சமைக்கும் ஒரு காய்) கட்டு. ஒரு கல் விளிம்பு, அதன்மேல் வெளிறிய தண்டுகள், பின்னால் இருட்டு. அவ்வளவுதான்.

அளவைப் பார்த்தால் கோர்ட்தான் சுலபம் என்று தோன்றும். 25 சென்டிமீட்டர் உயரம், 20.5 அகலம், ஏ4 தாளில் அசல் அளவிலேயே அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஓவியம் இருக்கும் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் நல்ல தெளிவான படத்தை இலவசமாகவே தருகிறது. (பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நகலெடுப்பவர்கள் அசலின் அளவில் வரையக் கூடாது, வீட்டில் யார் கேட்கப்போகிறார்கள்?) ஸ்னைடர்ஸின் கதை வேறு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய கடைப் படங்கள் மூன்று மீட்டருக்கு மேல் அகலம். அதை ஏ3-க்குச் சுருக்கினால் மீனின் கண் கடுகாகிவிடும். எனவே முழுச் சந்தையையும் வரையும் ஆசையை விட்டுவிடுங்கள். அவர் படங்களில் வரும் மனித உருவங்களைப் பலமுறை வேறு ஓவியர்கள்தான் வரைந்தார்கள். அவரே பங்கு பிரித்த வேலையை நாம் ஏன் தனியாகச் சுமக்க வேண்டும்? கடைக்காரரை விட்டுவிட்டு இரண்டு மீனை மட்டும் வெட்டி எடுங்கள்.

இப்படி வெட்டி எடுத்த பிறகு பார்த்தால் சுலபமும் கடினமும் இடம் மாறுகின்றன. மீனில் தவறு செய்தாலும் பாதகமில்லை. அடியில் அம்பர் என்ற பழுப்பு மண்வண்ணம், அதன்மேல் சாம்பலும் காவியும், ஈரம் காயும் முன்பே ஓரத்தை லேசாகக் கலைத்துவிட வேண்டும். கடைசியில் முதுகின் வளைவில் கெட்டியான வெள்ளை ஒரே இழுப்பு. மீன் ஈரமாகிவிடும். செதில் ஒவ்வொன்றாக வரைய உட்கார்ந்தால்தான் கெட்டது. வெளிச்சம் படும் இடத்தில் பத்துப் பதினைந்து போட்டால் போதும், மிச்சத்தைப் பார்ப்பவரின் கண்ணே போட்டுக்கொள்ளும்.

கோர்ட்டில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. தண்டு வெள்ளை மாதிரி இருக்கும். டைட்டானியம் வெள்ளையைத் தொட்டு வைத்தால் சாக்பீஸ் ஆகிவிடும். உண்மையில் அது காவியும் சாம்பலும் கலந்த நிறம், நுனியில் லேசான ஊதா. மெல்லிய பூச்சு ஒன்று, அது காய்ந்ததும் இன்னொன்று என்று போக வேண்டும். நிழல் பக்கத்து ஓரம் இருட்டில் கரைய வேண்டும், ஆனால் தண்டு தட்டையாகவும் தெரியக் கூடாது.

இந்த இருட்டில்தான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். பின்னணிக்கு ஐவரி கறுப்பை ஆளிவிதை எண்ணெய் தாராளமாக விட்டுப் பூசினேன். பத்து நாள் கழித்தும் விரலில் ஒட்டியது. கறுப்பு மெதுவாகக் காயும், அம்பர் சீக்கிரம் காயும் என்பது அப்புறம்தான் உறைத்தது. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் நாளடைவில் மேல்பூச்சு வெடிக்கும். மறுமுறை டர்பென்டைனில் கரைத்த அம்பரை மெல்லிசாகத் தேய்த்தேன். இரண்டாம் நாளே மேலே வேலை செய்ய முடிந்தது.

பொறுமைசாலிகள், மாலையில் அரைமணி நேரம் மட்டும் கிடைப்பவர்கள் கோர்ட்டிடம் போகலாம். பூச்சு காய்வதற்குள் அவசரப்படுத்த எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுதாகக் கையில் இருந்தால் மீன்தான். என்னைக் கேட்டால் முதலில் மீன், குறைந்தது மூன்று. நான் வரிசை மாற்றித் தொடங்கியதால் அஸ்பாரகஸ் கட்டில் இன்னும் இரண்டாவது தண்டிலேயே நிற்கிறேன்.