ஃபேமிலிசேர்ச்: தோட்டத்து ஆளுங்களோட வம்சத்த தேடுறவங்க பாக்க வேண்டிய சைட்

நம்ம இலங்கை மலையகத் தோட்டங்கள்ல நெறைய பேர் பாட்டன் பூட்டன் எந்த ஊர்ல இருந்து வந்தாங்கன்னு தேட ஆசப்படுறாங்க, எங்க தொடங்குறதுன்னு தான் தெரியல. அவங்களுக்காக தான் இத எழுதுறேன். ஃபேமிலிசேர்ச் அமெரிக்காவுல சால்ட் லேக் சிட்டில இருக்க மோர்மன்ங்கிற கிறிஸ்தவ சபை நடத்துற வம்சாவளி தேடுற சைட், 1894ல தொடங்கின வேல. சல்லி ஒன்னும் கட்ட தேவையில்ல, ஒரு ஈமெயில் இருந்தா அக்கவுண்ட் ஓபன் பண்ணிரலாம், ஆப்பும் இருக்கு.

பழகுறதுக்கு நான் எடுத்துக்கிட்டது மிஷெல் ஒபாமாவோட அம்மா வழி குடும்பம். ஏன்னா அதுவும் தோட்டத்துல ஆரம்பிக்கிற குடும்பம். 1850ல சவுத் கரோலினாவுல ஒரு வயசான தொரை உயில் எழுதுறாரு, மாடு, ராட்டினம், மேசை விரிப்பு எல்லாத்தோடயும் சேத்து மெல்வினியான்னு ஒரு ஆறு வயசு புள்ளையயும் பங்கு போடுறாரு, கொஞ்ச நாள்ல அந்த புள்ளைக்கு போட்ட வெல 475 டொலர். அங்க இருந்து ஜோர்ஜியாவுக்கு கொண்டு போறாங்க, அங்க அவளுக்கு டோல்ஃபஸ்னு ஒரு மகன் பொறக்குறான். டோல்ஃபஸ் வளந்து அலபாமாவுல பேர்மிங்ஹாம்ல தச்சு வேல செஞ்சு சொந்த வீடு வாங்கி 1950 வரைக்கும் இருந்தாரு. அவரோட மகன் ரொபர்ட் லீ, அவரோட மகன் பர்னெல், பர்னெல் சிக்காகோ போறாரு, அவரோட மக மேரியன், மேரியனோட மக மிஷெல். அடிமையா இருந்த புள்ளையில இருந்து வெள்ளை மாளிகை வரைக்கும் ஆறு தலைமுறை. 2009ல ஒரு வம்சாவளி ஆய்வாளர் இத தேடி எடுத்த பெறகு தான் ஊருக்கே தெரிஞ்சிச்சு.

இத எப்பிடி தேடி எடுத்தாங்கன்னு புரிஞ்சா தான் சைட்ட ஒழுங்கா பாவிக்க முடியும். அமெரிக்காவுல 1790ல இருந்து பத்து வருசத்துக்கு ஒருக்கா கணக்கெடுப்பு நடக்குது, 1850ல தான் வீட்டுல இருக்க எல்லார் பேரயும் எழுத தொடங்குறாங்க, ஆனா அடிமைங்களுக்கு தனி ஷீட், அதுல தொரை பேர் மட்டும் இருக்கும், கீழ வயசு, ஆணா பொண்ணா, நெறம், அவ்வளவு தான். 1860லயும் அதே கத. 1870ல தான் அவங்க பேர் முதமுதலா ஏறுது. அதனால 1870க்கு முன்னுக்கு போகணும்னா ஆளோட பேர்ல தேடி பிரயோசனம் இல்ல, தொரை பேர்ல தேடணும், அவரோட உயில், சொத்து கணக்கு, காணி உறுதி, இதுக்குள்ள தான் நம்மாளு பேர் கெடக்கும். இந்த எடத்துல தான் ஃபேமிலிசேர்ச்ச நான் மனசார பாராட்டுறேன். 2024ல இருந்து கையெழுத்து பத்திரத்தையே கம்ப்யூட்டர் வாசிச்சு தேடி குடுக்குற வசதி போட்டிருக்காங்க, அமெரிக்க காணி பத்திரம் உயில் எல்லாம் அதுல இருக்கு, ஒரு பேர டைப் பண்ணா பழைய சாய்வெழுத்து பக்கத்த அப்பிடியே தூக்கி காட்டுது.

கொறையும் இருக்கு. சைட்ல இருக்க வம்ச மரம் எல்லாருக்கும் பொதுவான ஒரே மரம், யாரும் மாத்தலாம், அதனால யாரோ போட்ட பேர அப்பிடியே நம்பாம கீழ இணைச்சிருக்க ஆவணத்த தொறந்து பாத்துட்டு தான் எடுக்கணும். சில பக்கங்கள் அவங்க சென்டருக்கு நேர்ல போனா தான் தொறக்கும், மலையில இருக்க நமக்கு அது கஷ்டம். 1890 கணக்கெடுப்புல பெரும்பகுதி 1921 தீ விபத்தோட அழிஞ்சு போச்சு, அது எந்த சைட்லயும் கெடைக்காது. மெல்வினியாவோட 1938 மரண சர்டிபிகேட்ல அப்பா அம்மா பேர் எடத்துல தெரியாதுன்னு தான் இருக்கு, டோல்ஃபஸோட அப்பா ஜோர்ஜியா தொரையோட மகனா தான் இருக்கணும்னு பின்னாடி டிஎன்ஏ தான் காட்டிச்சு. எவ்வளவு நல்ல சைட்டா இருந்தாலும் எழுதாத பேர எடுத்து குடுக்க முடியாது.

நம்மாளுங்க செக்ரோல் (தோட்டத்து ஆள் பேர் பதிவு), துண்டு (தோட்டம் மாறும்போது காட்டுற கடன் சீட்டு) எல்லாம் இதுல கெடைக்கும்னு நெனச்சு போகாதீங்க, அதுக்கு தோட்ட ஆபிஸ், வீட்டு தகரப்பெட்டி, பழைய பாஸ்போட், 1964 சிறிமா-சாஸ்திரி குடியுரிமை ஒப்பந்த காலத்து பேப்பர் இதெல்லாம் தான் வழி. ஆனா தேடுற மொற ஒன்னு தான்: பேர் கெடைக்கலன்னா தோட்டத்த தேடுங்க, தொரைய தேடுங்க, ஆள் சேத்து கூட்டிட்டு வந்த கங்காணிய தேடுங்க. எங்க அப்பாயி அவங்க மாமனார் எந்த கங்காணியோட வந்தாருன்னு இன்னும் தெளிவா சொல்லுவாங்க, அத ரெக்கோட் பண்ணி சைட்ல இருக்க மெமரீஸ் பகுதில ஏத்தலாம், படம், குரல் ரெண்டும் ஏறும், அதுவும் இலவசம் தான். உயிரோட இருக்கவங்க படத்த மட்டும் அவங்ககிட்ட கேட்டுட்டு போடுங்க.