கிரைஃப்: ஆட்டக்காரரா, பயிற்சியாளரா?

நெதர்லாந்தின் கால்பந்து மேதை யோகான் கிரைஃப் ஆட்டக்காரராக 1971 முதல் 1973 வரை தம் நாட்டு அயாக்ஸ் அணியுடன், ஐரோப்பியக் கழக அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பையைத் தொடர்ந்து மூன்று முறை வென்றார். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப்பந்து விருதையும் மூன்று முறை பெற்றார். 1974 உலகக்கோப்பை இறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் 2-1 எனத் தோற்றது மட்டும் இன்றும் மனத்தை வருத்துகிறது.

ஆயினும், பயிற்சியாளர் கிரைஃபையே நான் மேலாகக் கருதுகிறேன். 1988 முதல் 1996 வரை பார்சிலோனாவில் அவர் பணியாற்றிய காலத்தில் ஸ்பெயினின் முதன்மை லீக்கான லா லிகாவில் தொடர்ந்து நான்கு பட்டங்களும், 1992-இல் வெம்பிளியில் கூடுதல் நேரத்தில் பார்சிலோனா வீரர் கூமன் அடித்த ஃப்ரீ கிக்கால் இத்தாலியின் சம்ப்டோரியாவை வீழ்த்தி பார்சிலோனா பெற்ற முதல் ஐரோப்பியக் கோப்பையும் கிடைத்தன. அவற்றைவிடப் பெரிது, பந்தைத் தம்வசம் வைத்திருந்தே ஆட்டத்தை ஆளும் முறையை அவர் அங்கே வேரூன்றச் செய்ததாகும். 19 வயதில் அவர் நம்பிக் களமிறக்கிய குவார்டியோலா, பின்னர் பார்சிலோனாவின் பயிற்சியாளராகி, அம்முறையிலேயே 2009, 2011 சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கோப்பையின் பிற்காலப் பெயர்) கோப்பைகளை வென்றார்.