தயிரா, கேப்ஸ்யூலா? எந்த வயிற்றுக்கு எது

போன மே மாதம் அம்மாவுக்குப் பல்லில் சீழ் கட்டி, ஏழு நாளைக்கு ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே வயிற்றால் போக ஆரம்பித்துவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் சொன்னதும் "நல்ல பாக்டீரியா மாத்திரை" என்று ஒரு பட்டையைக் கிழித்துக் கொடுத்தார்கள். அதன் பெட்டியை வாங்கிப் படித்தால் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கவும் என்று போட்டிருக்கிறது, ஆனால் அது எடுக்கப்பட்டதோ வெயில் நேராக விழும் கண்ணாடி அலமாரியிலிருந்து. அக்கா போனில் "மோர் குடுத்தா போதும்டி" என்கிறாள். தம்பி அதற்குள் யாகுல்ட் என்ற புளித்த பால் பானத்தில் ஐந்து குப்பிகளோடு வந்து நிற்கிறான். யார் சொல்வதைக் கேட்பது என்று புரியாமல் அன்றைக்குத்தான் இதைப் பற்றி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினப்படி மந்தம், லேசான உப்புசம், சாப்பிட்டால் கனமாக இருப்பது, இதற்கெல்லாம் தயிரும் மோரும்தான் என் தேர்வு. ஆன்டிபயாட்டிக் சாப்பிடும் நாட்களில் மட்டும் கேப்ஸ்யூலுக்கு ஒரு வேலை இருக்கிறது. அதுவும் எந்த நுண்ணுயிர் என்று முழுப் பெயர் போட்ட கேப்ஸ்யூலாக இருந்தால்தான்.

தயிரில் இருந்து வருவோம். பால் குடித்தால் வயிறு கடமுடா என்கிறவர்கள் பலர் தயிரைச் சிரமமில்லாமல் சாப்பிடுவதற்குக் காரணம் உண்டு. உறையில் இருக்கும் பாக்டீரியா பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையில் ஒரு பங்கைத் தானே தின்றுவிடுகிறது, மீதியைச் செரிக்கத் தேவையான நொதியையும் நம் குடலுக்குள் கொண்டுபோகிறது. இது வெறும் பாட்டி வைத்தியப் பேச்சு இல்லை. புரோபயாட்டிக், அதாவது உடம்புக்கு நல்லது செய்யும் உயிருள்ள நுண்ணுயிர், என்ற பெயரில் வந்த பலன் உரிமைகோரல்களில் பெரும்பாலானவற்றை ஏற்க மறுத்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே, உயிருள்ள தயிர் பாக்டீரியா லாக்டோஸ் செரிக்க உதவுகிறது என்பதை 2010இல் ஒப்புக்கொண்டது.

ஆனால் "உயிருள்ள" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் வீட்டில் பாலைக் காய்ச்சி, சுண்டுவிரலை விட்டுப் பார்த்தால் சுடாமல் இதமாக இருக்கும் பதத்தில் ஒரு ஸ்பூன் பழைய தயிரைக் கலக்கி மூடி வைப்போம். கோடையில் ஐந்தாறு மணி நேரத்தில் பாத்திரத்தைச் சாய்த்தாலும் அசையாமல் நிற்கும். அந்தத் தயிரில் ஒரு ஸ்பூனிலேயே கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கும். அதையே மோர்க்குழம்பாகக் கொதிக்க வைத்தால் ருசி மிச்சம், பாக்டீரியா மிச்சமில்லை. கடையில் பிரிட்ஜுக்கு வெளியே மாதக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கும் அட்டைப்பெட்டி மோரும் அப்படித்தான், அதிக வெப்பத்தில் காய்ச்சித்தான் அடைக்கிறார்கள்.

இட்லி, தோசைக்கும் இதே கதை. மாவு புளிக்கும்போது லியூகோனோஸ்டாக், லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாக்கள் எல்லாம் உள்ளே பொங்குகின்றன, ஆவியில் வெந்ததும் அவை செத்துவிடுகின்றன. இட்லி வயிற்றுக்கு லேசானது என்பது சரி, அதைப் புரோபயாட்டிக் என்று சொல்வது தப்பு. எண்ணெய் மிதக்கும் மாங்காய் ஊறுகாயை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், அதில் உப்புதான் கணக்குக்கு வரும்.

பழைய சோறு கொஞ்சம் நின்று பேச வேண்டிய விஷயம். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியா பெருகுகிறது, சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சீக்கிரம் செரிக்காத வகையாக மாறிப் பெருங்குடல் பாக்டீரியாவுக்கே தீனியாகப் போகிறது. அதாவது விதையும் உரமும் ஒரே சட்டியில். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் நோயாளிகளுக்கு இது எப்படி உதவும் என்று ஆய்வே தொடங்கினார்கள். ஆனால் இரண்டு எச்சரிக்கை. சோற்றை வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் போட்டுவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்றினால், பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி வளர்ந்து வாந்தியில் கொண்டுபோய் விடும். சீக்கிரம் ஆற வைத்து, காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றி, காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். இன்னொன்று, பழைய சோறு சாப்பிட்டால் வாயு பிடிக்கிறது என்கிறவர்கள் கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயத்தை ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். என் சித்திக்கு இருபது வருஷமாகச் சோற்றின் மேல் சந்தேகம், வெங்காயத்தை நிறுத்தியதும் உப்புசம் போய்விட்டது. வெங்காயத்தில் இருக்கும் ஃப்ரக்டான் என்ற, குடலில் செரிக்காத ஒருவகைச் சத்து பலருக்கு ஒத்துக்கொள்ளாது.

யாகுல்ட்? 1930இல் ஜப்பானில் மினோரு ஷிரோட்டா தேர்ந்தெடுத்து வளர்த்த ஒரே ஒரு பாக்டீரியா வகை, 1935இலிருந்து விற்பனையில் இருக்கிறது. நம் ஊரில் கிடைக்கும் 65 மில்லி குப்பியில் 650 கோடி. எது, எத்தனை என்று தெளிவாகச் சொல்கிறார்கள், அது நல்ல விஷயம். சர்க்கரைதான் இடிக்கிறது, அந்தக் கையளவு குப்பியில் கிட்டத்தட்ட இரண்டு டீஸ்பூன். அம்மாவுக்குச் சுகர் இருப்பதால் தம்பி வாங்கி வந்ததை அவனையே குடிக்கச் சொன்னோம். கொம்புச்சா (புளித்த டீ), கிம்ச்சி (கொரியாவின் புளித்த முட்டைகோஸ்) எல்லாம் பிடித்தால் சாப்பிடலாம், வயிற்றுக்காக அந்த விலை கொடுக்கத் தேவையில்லை.

சரி, கேப்ஸ்யூலுக்கு வருவோம். அட்டையில் "லாக்டோபேசில்லஸ்" என்று மட்டும் போட்டு, பக்கத்தில் பெரிய கோடிக்கணக்கைப் போட்டிருந்தால் நான் வாங்க மாட்டேன். அது "மாம்பழம்" என்று மட்டும் சொல்லி விற்பது மாதிரி, மல்கோவாவா கிளிமூக்கா என்று தெரியாது. ஆய்வுகள் எல்லாம் குறிப்பிட்ட ரகத்துக்கு நடந்தவை, ஒன்றின் பலனை இன்னொன்றின் கணக்கில் எழுத முடியாது. ஆன்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க அதிகம் பார்க்கப்பட்டவை இரண்டு, லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி என்ற பாக்டீரியாவும், சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்ற ஈஸ்ட்டும். இந்த ஈஸ்ட்டை ஹென்றி பூலார் என்ற பிரெஞ்சுக்காரர் 1920களில் இந்தோசீனாவில் லிச்சி, மங்குஸ்தான் தோலிலிருந்து பிரித்தெடுத்தார். ஈஸ்ட் என்பதால் ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்லாது. பாக்டீரியா கேப்ஸ்யூல் என்றால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். டாக்டர்கள் அடிக்கடி எழுதும் 5 மில்லி குட்டிக் குப்பி பேசில்லஸ் கிளாசி, விதை மாதிரி உறங்கும் நிலையில் இருப்பதால் பிரிட்ஜ் தேவையில்லை.

குழந்தைகளை வைத்து நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்து காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2019இல் வெளியிட்ட அலசலில், ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கு வந்த வயிற்றுப்போக்கு, புரோபயாட்டிக்கும் சேர்த்துக் கொடுத்தபோது 8 பேராகக் குறைந்தது. இது நல்ல வித்தியாசம். ஆனால் கண்டதைத் தின்றோ வைரஸாலோ குழந்தைக்குப் போகிறது என்றால், 2018இல் அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனையில் அதே ஜிஜி ரகம் வெற்று மருந்தைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. அங்கே முதலில் வேண்டியது ஓஆர்எஸ் கரைசல், அதைத் தள்ளிவிட்டுக் கேப்ஸ்யூல் தேடக் கூடாது.

சரி, எல்லாவற்றுக்கும் தினமும் ஒன்று போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்பார்கள். அமெரிக்கக் குடல் மருத்துவர் சங்கம் 2020இல் தந்த வழிகாட்டுதலில், ஐபிஎஸ் (அடிக்கடி வயிற்றுவலியும் மலப்போக்கு மாற்றமும் வரும் குடல் கோளாறு) உள்பட பெரும்பாலான குடல் தொந்தரவுகளுக்கு இவற்றைச் சிபாரிசு செய்ய ஆதாரம் போதாது என்றுதான் இருக்கிறது. பிரிட்டனில் கொஞ்சம் தளர்த்திச் சொல்கிறார்கள்: ஐபிஎஸ்காரர் முயன்று பார்க்க விரும்பினால் ஒரே வகையை நான்கு வாரமாவது எடுக்கட்டும். குணம் தெரியாவிட்டால் நிறுத்த வேண்டியதுதான், வாரத்துக்கு ஒரு பிராண்ட் மாற்றினால் எதுவும் பிடிபடாது.

இந்தப் பக்கம், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரை வைத்து நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், பத்து வாரம் தயிர், கெஃபிர் என்ற புளித்த பால், கிம்ச்சி போன்ற புளித்த உணவுகளை நிறையச் சாப்பிட்டவர்களுக்குக் குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடின, அழற்சியின் அடையாளங்கள் குறைந்தன. சின்ன ஆய்வுதான், உப்புசம் தீரும் என்று அது சொல்லவும் இல்லை. இருந்தாலும் நான் சாப்பாட்டுப் பக்கம் சாய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், கீமோ எடுப்பவர்கள், கழுத்து ரத்தநாளத்தில் குழாய் போட்டிருப்பவர்கள், குறைமாதக் குழந்தைகள், இவர்களுக்கு டாக்டர் சொல்லாமல் எந்த நுண்ணுயிர்க் கேப்ஸ்யூலும் கூடாது, அது ரத்தத்தில் கலந்து தொற்றாக மாறியது உண்டு. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி, இவை இருந்தால் தயிரா கேப்ஸ்யூலா என்ற பேச்சே வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

அம்மாவுக்குக் கடைசியில் டாக்டரிடமே போனில் கேட்டு பௌலார்டி பாக்கெட் வாங்கினோம், ஆன்டிபயாட்டிக் முடிந்து ஒரு வாரம் வரை கொடுத்துவிட்டு நிறுத்தினோம். மோரும் கொடுத்தோம், மாத்திரைக்குப் பக்கத்தில் இல்லாமல் தள்ளி. சிப்ரோஃப்ளாக்ஸசின், டாக்ஸிசைக்ளின் மாதிரி சில ஆன்டிபயாட்டிக்குகளைத் தயிரோடோ பாலோடோ விழுங்கினால் கால்சியம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மருந்து முழுசாக உடம்பில் சேராது. அம்மாவின் மருந்து அந்த வகை இல்லை, ஆனாலும் பெட்டியைப் பார்க்காமல் நேரம் வைப்பதில்லை என்று பழகிவிட்டோம். இப்போது தினமும் பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் மோர், கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, உப்பு குறைவாக. அக்கா போன் பண்ணும்போதெல்லாம் முதலில் கேட்பது அதைத்தான்.